கூண்டு இல்லாத கன்று மானுக்குத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தாலே மரக்கன்று நடும் படங்கள் பத்திரிகையில் வரிசைகட்டுகின்றன. எந்தப் படத்தைப் பார்த்தாலும், கன்றைச் சுற்றிக் கூண்டு இருக்கிறதா என்றுதான் என் கண் தேடுகிறது.

கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு வளாகத்தில், வர்தா புயல் 2016-இல் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன இடம் வெறுமனே கிடந்தது. போன அக்டோபரில் அங்கே 40 கன்றுகள் வைத்தோம். ஆல், பூவரசு, மகிழம், புங்கன். மூன்றாம் வாரம் போனால் பாதிக் கன்றுகளில் நுனியைக் காணோம். பிள்ளைகள் பிய்த்திருப்பார்கள் என்று காவலாளியைச் சத்தம் போட்டுவிட்டேன், பாவம்.

தோட்டவேலை பார்க்கும் அம்மாதான் ஒரு தண்டைத் தடவிக் காட்டினார். முனை நார்நாராகக் கிழிந்திருந்தது. "முயல் கடிச்சா கத்தியால சீவின மாதிரி இருக்கும் டீச்சர். இது மான்." மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கவ்வி இழுத்துத்தான் பிய்க்கும். நுனி போன கன்று உடனே சாவதும் இல்லை. பக்கத்தில் துளிர்விடும், அதையும் மேயும், கடைசியில் முழங்கால் உயரத்தில் புதராக நின்றுவிடும். முன்பே ஆளுயரம் வளர்ந்திருந்த பூவரசு ஒன்றில் ஆண்மான் கொம்பை உரசி உரசிப் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டது. அப்புறம் வேருக்கு உணவு இறங்குவது எப்படி? கோடைக்குள் பட்டுப்போனது.

மானைப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்கிறார்கள் சிலர். மிரண்டே உயிரை விடும் பிராணி அது. சுற்றிலும் ஊர் நெருக்குகிற 270 ஹெக்டேர் பூங்காவில், புல் காய்ந்தால் பச்சையைத் தேடி வரத்தான் செய்யும்.

எங்களுக்குக் கிடைத்த கூண்டுகளோ நாலடி. புள்ளிமான் பின்னங்காலில் எழும்பியும் மேயும். ஆறடியாவது வேண்டும், கொம்பு மாட்டிக்கொள்ளாதபடி கம்பி நெருக்கமாக இருக்க வேண்டும். அதற்குச் செலவாகும், சரி. கூண்டுக்கு எவ்வளவு பணம் இருக்கிறதோ அத்தனை கன்று மட்டும் வைத்தால் என்ன?

இந்த ஆண்டு நாங்கள் வைத்தது எட்டே எட்டு. படம் எடுக்க வந்தவர் "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வேளச்சேரி, சென்னை.