அப்பாவின் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்த இடம் வீங்கியிருப்பதை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் பார்த்துவிட்டு நீ பதறியது குரலிலேயே தெரிந்தது. போனில் என்றால் என்னை முழுசாகப் பேச விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

பேஸ்மேக்கரை வைக்க, தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னப் பை போல இடம் பண்ணுவார்கள். அதற்குள் ரத்தம் கசிந்து தேங்கியதுதான் அப்பாவுக்கு இருக்கும் வீக்கம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது வரக்கூடியதுதான்.

"ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தும்மா" என்றாயே, வீக்கத்தைவிட அதுதான் எனக்குப் பயம். நீ பத்தாவது படிக்கும்போது அவருக்கு இதயத்தில் வைத்தது உலோக வால்வு. அதில் ரத்தம் உறைந்தால் வால்வே அசையாமல் போகலாம். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். தேங்கிய ரத்தம் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். பக்கவாதத்தில் போன பேச்சு எல்லாருக்கும் திரும்புவதில்லை. மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட்டு வார்டுக்கு வந்தவர்களை நர்ஸாக இருந்தபோது பார்த்திருக்கிறேன், ராசா.

என் காலத்தில் ஆபரேஷனுக்கு முன்னால் மாத்திரையை நிறுத்திவிட்டு, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பரின் ஊசிக்கு மாற்றுவோம். அதுதான் பத்திரம் என்று நம்பினோம். 2013ல் கனடா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. ஹெப்பரினுக்கு மாற்றியவர்களில் 16 சதவீதம் பேருக்குக் கருவி வைத்த இடத்தில், அப்பாவுக்கு வந்தது போல ரத்தம் தேங்கி, பெரிய ரத்தக்கட்டு வந்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான். அப்பா சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரையும் அந்த வகைதான். அதனால்தான் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையைப் பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்தாமலே கருவியை வைத்தார்கள்.

அப்புறம், ஊசி குத்தி ரத்தத்தை உறிஞ்சி எடுக்கலாமே என்று கேட்டாய். கூடாது. அந்த ஊசி வழியே கிருமி உள்ளே போய்விடும். பெரிய ரத்தக்கட்டு வந்தவர்களுக்குக் கருவியில் கிருமி பிடிக்கும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் என்று அதே ஆய்வுக் குழு பின்னால் கண்டது. கிருமி பிடித்தால் பேஸ்மேக்கரோடு இதயத்துக்குள் போகும் வயரையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். இந்த வயதில் அவருக்கு அது வேண்டாம். தோல் இறுகிப் பளபளத்தால், வலி கூடிக்கொண்டே போனால், தையலில் கசிந்தால் உடனே கூட்டிப்போவேன். மறுபடி திறக்க வேண்டுமானால் அதை ஆபரேஷன் தியேட்டரில் வைத்துச் செய்வார்கள்.

இப்போது வீக்கம் மெத்தென்று இருக்கிறது. நீலம் விலாப்பக்கம் இறங்கி மஞ்சளாக மாறுகிறது, ரத்தம் கரைகிறது என்று அர்த்தம். காய்ச்சலோ சிவப்போ இல்லை. ஆனாலும் கிருமி மாதக்கணக்கில் கழித்தும் தலைகாட்டும், அதனால் ஒரு வருஷம் கண்ணை எடுக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு. இடது கையை மேலே தூக்க வேண்டாம், ஆனால் அசைக்காமலே வைத்துத் தோளை இறுக விடவும் வேண்டாம் என்று சொல். மாத்திரையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே. நான் சொன்னால் வாதாடுவார். நீ நிறுத்தச் சொன்னால் அன்று ராத்திரியே நிறுத்திவிடுவார்.

அன்புடன்,
அம்மா