விசிறியை நிறுத்தினால் லேப்டாப் கத்துகிறது

மடிப்பாக்கம்,
சென்னை.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நீயே பக்கத்தில் நின்று போட்டுவிடு, "போட்டாச்சு" என்று அவர் சொல்வதை நம்பாதே. இங்கே அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று காலண்டரில் போட்டிருக்கிறது, வெயில் அதைப் படிக்கவில்லை. மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை இன்னும் ஓயவில்லை. காலையில் துடைத்த மேஜையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி.

யாழினிக்குக் காலேஜ் திறப்பதற்குள் லேப்டாப் வாங்க வேண்டும், உன்னுடையது எப்படி என்று கேட்டிருந்தாய். இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படி ஆவதற்குள் அதன் ஃபேனோடு பெரிய மல்லுக்கட்டு. உனக்கும் உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் படித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன் அல்லவா, அதற்காக வாங்கியதுதான். பதிவின்போது தண்ணீர் லாரி சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்துவேன், மேலே ஓடும் விசிறியையும் நிறுத்திவிடுவேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு முதுகெல்லாம் நனைந்துவிடும். லேப்டாப்புக்கும் அதே கதிதான், 'உஸ்ஸ்' என்று ஆரம்பித்துவிடும். ஒரு விசிறியின் சத்தம் வேண்டாம் என்று நிறுத்தினால் இன்னொன்று கத்துகிறது!

அக்கா மகன் கார்த்திக் ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான் இல்லையா, அவனைக் கூப்பிட்டேன். வந்தவன் முதலில் கீபோர்டின் மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டான். "சித்தி, என்ன மாதிரி சத்தம்னு தெரிஞ்சாத்தான் மேலே பேச முடியும்" என்றான். காற்று அடிக்கிற 'உஸ்' என்றால் ஃபேன் நன்றாக இருக்கிறது, அதற்கு வேலைதான் அதிகம். 'கரகர', 'டிக் டிக்' என்றால் எதிலோ உரசுகிறது, அல்லது பேரிங் சரியில்லை. மெல்லிசாக 'கீ' என்று கேட்டால் அது ஃபேனே இல்லை, உள்ளே கரண்ட் போகும் காயில் அதிர்கிற சத்தம். என்னுடையதில் முதல் இரண்டும் இருந்தன. பலத்த 'உஸ்', அதற்குள் ஒளிந்துகொண்டு ஒரு 'டிக் டிக்'.

முதலில் 'உஸ்'ஸைப் பார்த்தோம். எந்த வேலை எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், நான் எதையுமே தொடாதபோதும் ப்ராசஸர் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. புது மெஷின் என்றால் இது சகஜமாம். விண்டோஸ் தன் அப்டேட்டுகளை இறக்கும். நான் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து கொட்டிய ஒலிக்கோப்புகளை எல்லாம் தேடலுக்காகப் பட்டியல் போடும். போதாக்குறைக்கு, கூடவே வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பையும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்று ஒரு ஆன்டிவைரஸ் இருக்கும்போது அது எதற்கு என்று கார்த்திக் தூக்கிவிட்டான். சார்ஜரில் போட்டு ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் சும்மா இருக்கும்போது சத்தமே இல்லை.

ஆனால் எதையாவது திறந்தால் திடீரென்று ஒரு சீறல், உடனே அடக்கம், மறுபடி சீறல். ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் காது மறந்துவிடும், விட்டு விட்டு வருவதை மறக்காது. எனக்கு அதுதான் பெரிய இம்சை. நம் பிள்ளைகள் பலர் பதிவை வேகம் கூட்டி வைத்துக் கேட்பவர்கள். அந்த வேகத்தில் நடுநடுவே சீறல் வந்தால் வார்த்தை கலங்கிவிடும்.

காரணம் டர்போ. சின்ன வேலைக்குக்கூட ப்ராசஸர் சில நொடிகள் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. வேகம் கூட்ட வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். சூடு வேகத்துக்கு ஏற்ப மட்டும் ஏறினால் பரவாயில்லை, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறுகிறது. அதனால்தான் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலே சூடு நிறையக் குறைகிறது. பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 100 சதவீதம் என்று இருந்ததை 99 ஆக்கினான் கார்த்திக். அந்த ஒரு சதவீதத்தில் டர்போ பெரும்பாலும் நின்றுவிடும். சில புது மாடல்களில் இந்த இடம் கண்ணில் படாது. அப்போது கம்பெனி கொடுக்கும் ஆப்பில் 'குவையட்' மோடு இருந்தால் அதைப் போட்டால் போதும். குரல் பதிவுக்கு எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அடுத்தது பயாஸ் அப்டேட். பயாஸ் என்பது மெஷினை எழுப்புகிற அடிப்படை சாஃப்ட்வேர். எத்தனை டிகிரியில் ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை போர்டில் இருக்கும் ஒரு குட்டி கன்ட்ரோலர்தான் முடிவு செய்கிறது. அதன் கணக்கைக் கம்பெனிக்காரர்கள் அப்டேட்டில் திருத்துவது உண்டு. என்னுடையதிலும் அதற்குப் பிறகு சீறல் இன்னும் தணிந்தது. நடுவில் கரண்ட் போனால் மெஷினே எழாமல் போகலாம். அதனால் பேட்டரி நிறைந்திருக்கும்போது, சார்ஜரும் மாட்டியபடி செய்ய வேண்டும்.

மிச்சம் அறைச் சூடு. இதற்கு சாஃப்ட்வேரில் வழியில்லை. ஃபேன் உள்ளே இழுப்பது அறைக் காற்றைத்தான். அதுவே 34 டிகிரி என்றால் 25 டிகிரி காற்று செய்யும் வேலையைச் செய்ய இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். வேகம் இரட்டித்தால் சத்தம் 15 டெசிபல் போல ஏறும் என்பது ஃபேன்களுக்கான பொதுக் கணக்கு. இப்போது ஏசியை முன்கூட்டியே போட்டு அறையைக் குளிரவைத்து, நிறுத்திவிட்டுப் பதிவைத் தொடங்குகிறேன். அறை மறுபடி சூடாவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். காற்று இழுக்கும் துளைகள் அடிப்பக்கம் இருக்கின்றன, ஆகவே மெத்தையில் வைப்பதே இல்லை. பழைய கொலுப்படியில் அறுத்த இரண்டு கட்டைகளைப் பின்பக்கம் முட்டுக் கொடுத்திருக்கிறேன். தனி மைக் வாங்கி, லேப்டாப்பைத் தள்ளி வைத்து, மைக்கின் முதுகு அதன் பக்கம் இருக்கும்படி உட்கார்கிறேன். பதிவு செய்த பிறகு சாஃப்ட்வேரால் இரைச்சலை நீக்கலாம்தான், ஆனால் அளவு மீறினால் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும் குரல்.

இவ்வளவும் செய்து 'உஸ்' அடங்கியதும் அந்த 'டிக் டிக்' பளிச்சென்று கேட்டது. இடது பக்கம் லேசாகச் சாய்த்தால் நிற்கும், நேராக வைத்தால் மறுபடி வரும். அங்கேதான் வயிறு எரிந்தது. கடைக்காரர், "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்றார். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் அங்கே ஏசி, குளுகுளு அறை. ஃபேன் சுற்றினால்தானே டிக் டிக் வரும்? அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நல்லவேளை, வீட்டில் சாய்த்தும் நிமிர்த்தியும் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். ப்ராசஸரைத் திணறடிக்கும் ஒரு டெஸ்ட்டையும் கார்த்திக் சொல்லிக் கொடுத்திருந்தான். அங்கேயே ஓட்டிக் காட்டினேன். சூடேறியதும் ஃபேன் கிளம்பியது, 'டிக் டிக்' என்றது. பையன் வாயே திறக்கவில்லை. வாரன்டியில் ஃபேனை மாற்றிக் கொடுத்தார்கள். நாமே ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால் வாரன்டி இல்லை என்று கைவிரிக்க வசதியாகப் போயிருக்கும்.

சரி, யாழினி விஷயத்துக்கு வருகிறேன். ஒல்லியாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை எடுக்காதே. ஒல்லி லேப்டாப்பில் ஃபேனும் சின்னது, அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். ஃபேனே இல்லாததும் உண்டு. 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் அப்படித்தான், சத்தமே போடாது. ஆனால் சூடேறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எழுதப் படிக்கப் போதும். இன்ஜினீயரிங் என்றால் அவள் காலேஜில் எந்த சாஃப்ட்வேர் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவு செய். ரிச்சி தெருவில் வாங்கலாம் என்று எழுதியிருந்தாயே, விலை பேசலாம், ஆனால் அந்த இரைச்சலில் ஃபேன் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து வாங்குவது நடக்காத காரியம். எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்கு. வீட்டுக்கு வந்ததும் அந்த நாட்களுக்குள், ஏசி இல்லாத அறையில், நன்றாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

திருச்சியில் எந்த மாடல் காட்டினாலும் பெயரை எனக்கு அனுப்பு, கார்த்திக்கிடம் கேட்டுச் சொல்கிறேன். ஆடி பிறப்பதற்குள் சென்னைக்கு வருவதாகச் சொன்னாயே, அது நிஜமா? தேதியை எழுது, டிக்கெட் போட்டாயா என்பதையும்.

அன்புடன்,
சுமதி