புளியரையை யார் பூட்டித் தருவார்கள்?

அன்புள்ள சைக்கிள் குழுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டை அச்சகக்காரன் எழுதுகிறேன். வருடாவருடம் நம் தென்காசி–கொல்லம்–தென்காசி ஓட்டத்துக்கு, வழியில் அங்கங்கே மணி எழுதிக் கையெழுத்து வாங்குகிற மஞ்சள் அட்டையை அடித்துக் கொடுப்பவன் என்றால் உடனே தெரிந்துவிடும்.

போன வாரம் அடுத்த ஆண்டு நோட்டீஸ் அச்சுக்கு வந்தது. புரூஃப் பார்க்க உட்கார்ந்தவன் பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். டைமிங் சிப், முதல் மூன்று பேருக்கு ரொக்கம், வயதுவாரியாக ரேங்க், ட்ரோன் படப்பிடிப்பு, டி-ஷர்ட், ஜூலை மாதச் சாரலில் ஓட்டம். அட்டை என்ற சொல்லையே காணோம். வருமானம் போகிறதே என்று புலம்புகிறான் என நினைத்துவிடாதீர்கள். அட்டையில் எனக்கு மிஞ்சுவது பிரானூர் பார்டரில் ஒரு பரோட்டா செட்டுக்குக்கூடக் காணாது. காசெல்லாம் நோட்டீஸில்தான். அந்த நோட்டீஸைத்தான் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த மாதிரி நிகழ்ச்சிகளில் உள்ள நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. ஐரோப்பாவில் ஸ்போர்ட்டிவ், கிரான் ஃபோண்டோ என்று சொல்கிறார்களே, அதுதான் இது. என் அண்ணன் மகள் முதன்முதலாக நூறு கிலோமீட்டர் ஓட்டியது இப்படி ஒன்றில்தான். வழி தேட வேண்டாம், அம்புக்குறி இருக்கும். அங்கங்கே வாழைப்பழம், தண்ணீர். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் வரும். "அது இல்லைன்னா எங்க வீட்டுல அனுப்பியிருக்கவே மாட்டாங்க சித்தப்பா" என்றாள். நம் ஓட்டத்தில் அந்தத் தைரியத்தைப் புதியவர்களுக்கு நாம் கொடுக்கவில்லை. பஞ்சர் ஆனால் நீயே ஒட்டு, வழி தவறினால் நீயே திரும்பி வா, அட்டையில் கையெழுத்து வாங்குகிற கன்ட்ரோல் தவிர வேறெங்கும் யாரும் உதவிக்கு வரக்கூடாது என்று பிஆர்எம் என்னும் நெடுந்தூர ஓட்ட விதியைச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேரை விரட்டியிருக்கிறோம். பழைய ஆட்களுக்கு அதில் ஒரு மிதப்பும் உண்டு. எனக்கும் உண்டு.

ஆனால் அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 1897இல் சில இத்தாலியர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சம் போவதற்குள் ஓட்டிப் போனார்கள். துணிச்சல்காரர்கள் என்ற பொருளில் 'அவுடாக்ஸ்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. 1904இல் அதைப் பிரான்ஸுக்குக் கொண்டுவந்தவர் ஆன்றி தெக்ரான்ஜ். அதற்கு முந்தைய வருடம்தான் அவர் டூர் டி பிரான்ஸைத் தொடங்கியிருந்தார். உலகத்திலேயே பெரிய சைக்கிள் பந்தயத்தை உண்டாக்கிய அதே ஆள், பந்தயம் இல்லாத ஓட்டத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும் என்று நினைத்திருக்கிறார். முதலில் தலைவர் ஒருவர் பின்னால் கூட்டமாக ஒரே வேகத்தில் போனார்கள். 1921இல்தான் அவுடாக்ஸ் கிளப் பாரிசியன், அவரவர் வேகத்தில் போகலாம், நேரத்துக்குள் வந்தால் சரி என்று மாற்றியது. நம் அட்டை அந்த வழியில் வந்தது. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்கூட 1891இல் பந்தயமாகப் பிறந்ததுதான். ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் ஜெயித்தார். தொழில்முறைப் பந்தயமாக அது கடைசியாக நடந்தது 1951இல். இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம், ரேங்க் இல்லை. அதற்குப் பெயர் கொடுக்க அந்த வருடம் 200, 300, 400, 600 என நான்கு ஓட்டத்தையும் முடித்திருக்க வேண்டும். பந்தயம் போய் அட்டை மிஞ்சிய கதை அது. நாம் தலைகீழாகப் போகிறோம்.

நிதானமான ஓட்டம் என்றதும் கடிகாரமே கிடையாது என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர், டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து. முதல் வருடம் நான் கொல்லத்தில் மீன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எழுந்ததற்கு அரக்கப் பரக்க மிதித்தும் 13 மணி 22 நிமிடம் ஆயிற்று. அதே அட்டையில் இன்னொரு நேரமும் இருக்கிறது. நூறாவது கிலோமீட்டர் கன்ட்ரோல் 2 மணி 56 நிமிடத்துக்கு முன்னால் திறக்காது, 6 மணி 40 நிமிடத்தில் மூடிவிடும். ரொம்பப் பிந்தினாலும் ஆகாது, ரொம்ப முந்தினாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். வேகக்காரர்களை இவ்வளவு மரியாதையாக உட்காரவைக்கும் விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, சாலைக்கு வருகிறேன். பிரான்ஸில் 1993 முதல் 'எத்தாப் டு டூர்' என்று நடக்கிறது. டூர் டி பிரான்ஸின் ஒரு நாள் பாதையில் ஆயிரக்கணக்கான சாமானியர்கள் நேரம் குறித்து ஓட்டுகிறார்கள். உங்கள் நோட்டீஸில் உள்ள படத்தைப் பார்த்தால் அந்த ஆசைதான் தெரிகிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அங்கே அந்த ஓட்டத்துக்காகச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். வளைவில் எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று நம்பித்தான் அவர்கள் குனிந்து இறங்குகிறார்கள். நமக்குப் புளியரையை யார் பூட்டித் தருவார்கள்? செங்கோட்டையிலிருந்து கேரளத்துக்கு ஏறுகிற அந்த மலைச்சாலை 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. காய்கறியும் எம்-சாண்டும் ஜல்லியும் அந்த வழியாகத்தான் கேரளத்துக்குப் போகின்றன. அரை நாள் அடைத்தால் புனலூரில் வீடு கட்டுகிறவர் முதல் கொல்லத்தில் சாம்பார் வைக்கிறவர் வரை நம்மைத் திட்டுவார்கள்.

புளியரை எஸ் வளைவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் மிதிக்கிறவன் கண்ணால் ஒருமுறை பாருங்கள். காலையில் போகும்போது அது ஏற்றம், ஆபத்தில்லை, மூச்சுதான் வாங்கும். டாரஸ் லாரி ஒன்று முதல் கியரில் முனகிக்கொண்டு நம்மோடு கூடவே ஏறும், கிளீனர் பையன் ஜன்னல் வழியாக "விடாத அண்ணே" என்பான். அப்புறம் ஆரியங்காவு, கழுதுருட்டியில் 1904ஆம் வருடத்து ரயில் பாதையின் பதிமூன்று கண் பாலம், தென்மலை, புனலூர் தொங்குபாலம் என்று இறங்கிக்கொண்டே போகலாம். சாயங்காலம் அத்தனையும் ஏற்றமாகத் திருப்பிக் கேட்கும். புனலூரிலிருந்து கால் கெஞ்சக் கெஞ்ச ஏறி, கோட்டைவாசலுக்கு வந்து சேரும்போது கை பிரேக்கைப் பிடிக்கவே மறுக்கும். அந்தக் கையோடுதான் எஸ் வளைவில் இறங்க வேண்டும். எதிரே லோடு லாரிகள் வளைவுக்கு இடம் எடுத்து ஏறி வந்துகொண்டிருக்கும். ரேங்க் என்று ஒன்று வைத்தால் அது தீர்மானமாகிற இடம் இதுதான். ஏற்றத்தில் விட்ட இரண்டு நிமிடத்தை எல்லோரும் இந்த இறக்கத்தில்தான் பிடிக்கப் பார்ப்பார்கள். ஜூலையில் என்றால் தரை முழுக்கச் சாரல் ஈரம், முதுகில் மேற்குக் காற்று தள்ளும், கீழே குற்றாலத்துக்கு வரும் கார்கள் வேறு.

'இது பந்தயம் அல்ல' என்று நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஏழு பாயிண்ட். பிரிட்டனிலும் பொதுச்சாலையில் பந்தயம் வைக்கத் தனிச் சட்டம் இருப்பதால் இப்படித்தான் எழுதி நடத்துகிறார்கள். எழுதினால் ஆயிற்றா? சிப்பைக் காலில் கட்டிவிட்டுப் பந்தயம் இல்லை என்பது, இலை போட்டுவிட்டு இது விருந்து இல்லை என்பதைப் போல.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. நான்கு வருடத்துக்கு முன் சமவெளி நகரம் ஒன்றில் இதே மாதிரி நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். சிப், ரேங்க், எல்லாம் உண்டு. எழுபது கிலோமீட்டர் தாண்டி ஒரு திருப்பத்தில் மணல் கிடந்தது. முன்னால் போன பையன் சறுக்கி விழுந்தான். இருபது வயதுக்குள்தான் இருக்கும். சைக்கிளுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு, முழங்கையைப் பிடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டோம். பின்னால் வேன் வருகிறது, வாலண்டியர் பார்த்துக்கொள்வார் என்று மனசு சொன்னது. கால் நிற்கவில்லை. 3 மணி 41 நிமிடம். முடிக்கிற இடத்தில் மெடலை மாட்டிவிட்டார்கள். சிற்றுண்டி வரிசையில் அவன் கையில் கட்டோடு எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றான். என்னை அவன் அடையாளம் கண்டானா என்று தெரியாது. பொங்கல் வாங்காமலேயே வந்துவிட்டேன். மெடல் காகிதக் கட்டு மேல் பாரமாகக் கிடக்கிறது. அவ்வளவு கனம்.

நான் நல்லவன் இல்லை என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் ஓட்டத்தில் அதே நான், தென்மலைப் பக்கம் சங்கிலி அறுந்து நின்ற ஒருவரோடு முக்கால் மணி நேரம் குந்தியிருந்தேன். 13½ மணிக்குள் முக்கால் மணி நேரம் எனக்கு மிச்சம் இருந்தது. அந்த மிச்சம்தான் என்னை உட்கார வைத்தது.

ஆரியங்காவு டீக்கடைச் சேச்சியை எல்லோருக்கும் தெரியும். அவரிடம் ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது. நான் அடித்துக் கொடுத்த கட்டத்துக்குள், நீலப் பேனாவால் மணியை எழுதி மலையாளத்தில் கையெழுத்துப் போடுவார். கட்டம் சின்னது என்று அவர் என்னிடம் புகார் சொன்னதால், இரண்டாம் வருடத்திலிருந்து பெரிதாக்கினேன். திரும்பி வருகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார்: "இனி எத்தற பேருண்டு?" போன தடவை மாலை ஐந்தரைக்கு மேல் மூன்று பேர் பாக்கி. அவர் கடையை அடைக்காமல், பாய்லரை அணைக்காமல், அந்த மூன்று பேரும் வந்து கையெழுத்து வாங்கும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி ஆள் பெயரைக்கூடத் தெரியாது அவருக்கு. சிப் வைத்தால் இந்தக் கடையில் யாரும் நிற்கப்போவதில்லை. தரையில் ஒரு பாய் போட்டால் அதுவே எண்ணிக்கொள்ளும்.

என் யோசனையைச் சொல்கிறேன். நீண்ட ஓட்டம் இப்போதிருக்கிறபடியே, அட்டையோடு, பிப்ரவரியில் இருக்கட்டும். ஐயப்பன் சீசன் முடிந்திருக்கும், சாரல் வந்திருக்காது. புதியவர்களுக்காக அம்புக்குறி போடலாம், கடைசியில் ஒரு வேன் விடலாம். பழைய ஆட்கள் முகம் சுளித்தால் நான் பேசிக்கொள்கிறேன். ஸ்பான்சர் நேரம் குறித்தே ஆக வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு நாள். குண்டாறு அணைப் பக்கம் ஏறுகிற சாலையில், சீசன் இல்லாத மாதத்தில் அதிகாலையில், போலீஸ் அனுமதி வாங்கிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புங்கள். ஏற்றம் மட்டும். உச்சியில் கடிகாரம் நின்றுவிடும், இறங்கும்போது யாருக்கும் அவசரம் இருக்காது. ரேங்க் போடுங்கள், ரொக்கம் கொடுங்கள், ட்ரோன் விடுங்கள். நானே முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறேன், கடைசியாக வருவேன் என்று தெரிந்தும்.

நோட்டீஸ் புரூஃப் என் மேசையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அச்சகத்தைத் திறந்து வைக்கிறேன். தலைவர் அண்ணாச்சியும் செயலாளர் தம்பியும் சைக்கிளிலேயே வாருங்கள், அப்படியே ஆரியங்காவு போய் டீ குடித்துக்கொண்டு திருத்தம் போடலாம். சிவப்புப் பேனா என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மஞ்சள் அட்டை அடிக்கிறவன்,
செங்கோட்டை