திரையில் வட்டம், தகட்டில் பன்னிரண்டு பக்கம்

ஆசிரியருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் கணினி வடிவமைப்பும் நவீன இயந்திரங்களும் கற்றுத்தரும் 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாறியது பற்றிய செய்திகளை ஆவலோடு படித்தேன். கணினியில் வரையத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் பட்டறைப் பக்கம் வருவது நல்லதுதான். ஆனால், ஒரு குறை இருக்கிறது.

நான் கோவை கணபதியில் ஒரு தகட்டுப் பட்டறையில் 26 ஆண்டுகளாக மேற்பார்வையாளர். நூற்பாலைகளுக்குக் காற்றுக்குழாய் செய்வது எங்கள் அன்றாட வேலை. அதில் அடிக்கடி வருவது, 'ஸ்கொயர் டு ரவுண்ட்' என்று நாங்கள் சொல்லும் உருப்படி. ஒரு வாய் சதுரம், மறுவாய் வட்டம். முன்பெல்லாம் இதற்கு டெவலப்மென்ட், அதாவது மடிக்கும் முன் தட்டைத் தகட்டில் வெட்ட வேண்டிய வடிவம், போட மார்க்கிங் மேஸ்திரிக்கு அரை நாள் ஆகும். இப்போது கணினியில் கீழே சதுரம், மேலே வட்டம் வரைந்து, இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்த்துச் சுவராக்கிவிடலாம். அந்தக் கட்டளைக்குக் கிரியோ என்ற வரைபட மென்பொருளில் பிளெண்ட் என்று பெயர், சாலிட்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் லாஃப்டட் பெண்ட்.

சென்ற மாதம் 600 மி.மீ. சதுரத்திலிருந்து 400 மி.மீ. விட்ட வட்டத்துக்கு, 500 மி.மீ. உயரத்தில் ஒன்று வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி அரை மணி நேரத்தில் வரைந்துவிட்டார். சுற்றுச் சுவர் முழுக்க இணைந்திருந்தால் மென்பொருளில் தகடு தட்டையாக விரியாது, ஓர் ஓரத்தில் கீற்று இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மூலை ஒவ்வொன்றும் மூன்று பட்டையாக விழும்படி வைத்தார். விரிப்பு, லேசர் வெட்டும் இயந்திரத்துக்குப் போனது. வெட்டி, மடித்து, பற்றவைத்து, வட்ட வாயைத் தட்டி உருட்டியும் பார்த்தாகிவிட்டது. 400 மி.மீ. குழாய் உள்ளே நுழைய மறுத்தது.

காரணம் எளியது. மூலைக்கு மூன்று பட்டை என்றால் நான்கு மூலைக்கும் பன்னிரண்டு. மேல் வாய் வட்டமே அல்ல, வட்டத்துக்குள் அடங்கிய பன்னிரண்டு பக்க உருவம். ஒரு பக்கம் 103.5 மி.மீ., ஆக மொத்தச் சுற்று 1,242. குழாயின் சுற்றோ 1,257. எப்படித் தட்டி உருட்டினாலும் 395½ மி.மீ. விட்டத்துக்கு மேல் வராது. மென்பொருள் பொய் சொல்லவில்லை, கேட்டதைத்தான் கொடுத்தது. தம்பியை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். அந்த வரைபடம் என் மேசையைத் தாண்டித்தான் லேசருக்குப் போனது. அதில் இருப்பது என் கையெழுத்து.

மறுநாள் அவரை உட்காரவைத்து, சார்ட் தாளில் கையால் டெவலப்மென்ட் போட வைத்தேன். வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து நான்கு புள்ளிகளுக்குக் கோடு இழுத்து, உயரத்தையும் சேர்த்து உண்மை நீளம் காண வேண்டும். 592, 553, 553, 592 என்று வந்தது. மேலிருந்து பார்க்கும் படத்தில் அந்த 592 மி.மீ. கோடு 316 மி.மீ. தானே இருக்கிறது என்று கேட்டார். பள்ளியில் படித்த பிதாகரஸ் அப்போதுதான் அவருக்குத் தகட்டில் தெரிந்தது. சுற்றளவை டேப் வைத்துச் சரிபார்ப்பதையும் காட்டினேன். மறுபடி வரைந்தபோது மூலைக்கு ஆறு பட்டை வைத்து, வட்டத்தின் விட்டத்தையும் இரண்டு மி.மீ. பெரிதாக்கிக்கொண்டார். குழாய் போய் உட்கார்ந்தது. மூலைக்கு நான்கு மடிப்பு ஏழாகி, மொத்தம் பதினாறு இருபத்தெட்டு ஆகிவிட்டதே என்று பெண்டிங் மெஷின்காரர் முணுமுணுத்தது வேறு கதை.

இந்தப் பிள்ளைகளுக்குத் திரையில் உருவம் வந்ததோடு பாடம் முடிந்துவிடுகிறது. மடிப்பில் தகடு எவ்வளவு நீளும் என்பதற்கான கே-ஃபாக்டர் எண்ணைக்கூட மென்பொருள் வைத்திருக்கும் அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். அது நம் தகட்டுக்குப் பொருந்துமா என்று ஒரு துண்டை மடித்துப் பார்த்தவர் அரிது.

புதிய மையங்களுக்குப் பாடம் வகுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணைக் கணினி வரைபடத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள். மாணவர் தன் விரிப்பைச் சார்ட் தாளில் அச்செடுத்து, கத்தரித்து, மடித்து, ஒட்டி, ஒரு பெயின்ட் டப்பாவின் வாயில் மாட்டிக் காட்டட்டும். மாட்டாவிட்டால் எத்தனை மி.மீ. குறைந்தது, எங்கே குறைந்தது என்பதையும் அவரே சொல்லட்டும்.

இப்படிக்கு,
தகட்டுப் பட்டறை மேற்பார்வையாளர் ஒருவர்,
கணபதி, கோவை.