ஆதிச்சநல்லூர் பரம்பில் கால் வைப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. மார்கழி பிறந்ததும் நவதிருப்பதிக்கும் திருச்செந்தூருக்கும் போகிற வண்டிகள், போகிற வழியில் பழங்காலப் புதைகாடான ஆதிச்சநல்லூரிலும் நிற்கத் தொடங்கும். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளும் சேர்ந்துகொள்ளும். திருநெல்வேலியிலிருந்து சுமார் 24 கிலோமீட்டரில், சாலையை ஒட்டியே இருப்பதால் இறங்கிப் பார்ப்பது எளிது. கூட்டம் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். பெரும்பாலோர் அகழாய்வுக் குழியின்மேல் பதித்த கண்ணாடித் தளத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, மேட்டின்மேல் நாலாபுறமும் ஏறி இறங்கிவிட்டு, இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அந்த இருபது நிமிடத்தில் அவர்கள் பார்ப்பது குறைவு, உடைப்பது அதிகம். ஏன் அப்படி ஆகிறது, எப்படிப் பார்த்தால் அப்படி ஆகாது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தாமிரபரணியின் தென்கரையில் சரளையும் வெங்கச்சங்கல்லும் கலந்த நீண்ட மேடு இது. ஊர்க்காரர்கள் பரம்பு என்பார்கள். ஏர் ஓடாத, வெள்ளம் ஏறாத நிலம். ஆற்றோரத்து வண்டல் நிலத்தை வயலுக்கு விட்டுவிட்டு, எதுவும் விளையாத இந்த மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 1876-இல் ஜெர்மானியரான ஜாகர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ பல பருவங்கள் தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. இடையில் பிரான்சிலிருந்து வந்த லூயி லாபிக் பாரிசுக்குச் சிலவற்றை எடுத்துச் சென்றார். அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பெரிய வேலை எதுவும் நடக்கவில்லை. 2004–05-இல் இந்தியத் தொல்லியல் துறைக்காக சத்தியமூர்த்தி தலைமையில் அகழாய்வு நடந்தது. 2021-இல் மீண்டும் தொடங்கியது.

2004–05-இல் தோண்டிய பரப்பு ஏறத்தாழ 600 சதுர மீட்டர். அதில் வெளிப்பட்ட தாழிகள், அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள், 150-க்கும் மேல். நான்கு சதுர மீட்டருக்கு ஒரு தாழி என்று கணக்கு. மேடு முழுவதும் ஒரே அடர்த்தி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 114 ஏக்கர் என்று ரீ அளந்த நிலத்தில் இதுவரை திறந்திருப்பது ஒரு சிறு மூலைதான். அடர்த்தியான பகுதியில் ஒரு பேருந்தை மேட்டில் ஏற்றி நிறுத்தினால் அதன் அடியில் ஆறேழு தாழிகள் இருக்கலாம். வண்டியைச் சாலையோரத்திலேயே நிறுத்துங்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான்.

ஆழத்தில் இருக்கிற தாழி மனிதர் நடந்தா உடையும் என்று பலர் கேட்கிறார்கள். எல்லாத் தாழியும் ஆழத்தில் இல்லை. பரம்பில் தாழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வெவ்வேறு காலத்தில் வைக்கப்பட்டவை. கீழே பாறையை வெட்டிக் குழி எடுத்து இறக்கியவை உண்டு. அவற்றுக்கு மேலே, பிந்தையவர்கள் வைத்தவை தரைக்கு மிக அருகில் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனதும் அவற்றின் வாய் விளிம்பு வட்டமாக வெளியே தெரியும். 2023 டிசம்பர் பெருமழை போன்ற ஒன்று வந்தால் ஒரே இரவில் பல வட்டங்கள் புதிதாகத் தெரிய வரும். தாழியின் வயிற்றுக்குள் மண் இறுகியிருக்கும். ஆனால் மூடி உள்ளே சரிந்ததால் தோளுக்குக் கீழே பொந்து இருக்கலாம். விளிம்பில் கால் வைத்தால் தோள் உடைகிறது. உடைந்த விரிசல் கீழே இறங்குகிறது. அடுத்த மழையில் அந்த விரிசல் வழியே நீர் புகுந்து உள்மண்ணைக் கரைக்கிறது. அந்த மண்ணில்தான் பல், எலும்புத் துணுக்கு, நெல் உமி, இரும்பில் ஒட்டிய துணியின் தடம் எல்லாம் இருக்கின்றன. தாழியின் ஓடு பிறகும் கிடைக்கும். கரைந்து போன உமி கிடைக்காது.

ஆகவே மேட்டில் நடப்பதற்கான முறை இது. ஏற்கெனவே தேய்ந்த ஒற்றையடிப் பாதையில் ஒருவர்பின் ஒருவராகப் போக வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் பெரியவர்களாக இருக்க வேண்டும். ஓர் ஆசிரியருக்கு இருபது பிள்ளைகள் போதும். தரையில் சிவந்த வட்டம், அரைவட்டம் எது தெரிந்தாலும் இரண்டடி விலகி நடக்க வேண்டும். மழை பெய்து இரண்டு நாளாவது காயாமல் மேட்டில் ஏறவே கூடாது. ஈரமண்ணில் கால் புதையும்போது பக்கவாட்டு அழுத்தம் கூடுகிறது.

கீழே கிடக்கும் பானை ஓட்டை எடுக்காதீர்கள் என்று சொன்னால், "இவ்வளவு கிடக்கிறதே" என்கிறார்கள். எடுக்காமல் அங்கேயே குனிந்து பாருங்கள். உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பாக, வெளிப்புறம் சிவப்பாக இருக்கும் ஓடுகள் நிறைய தெரியும். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பகுதி கறுத்தது, காற்றுப் பட்ட பகுதி சிவந்தது. விளிம்பு ஓடா, வயிற்று ஓடா, அடிப்பகுதியா என்று வளைவைப் பார்த்தே சொல்லிவிடலாம். விளிம்பு ஓட்டின் வளைவிலிருந்து பானையின் வாய் அகலத்தைக்கூடக் கணக்கிடலாம். பிள்ளைகளுக்கு இதுவே அரைமணி நேரப் பாடம். ஓடு எந்த இடத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பாதி மதிப்பு. சட்டைப் பைக்குள் போன ஓட்டுக்கு அந்தப் பாதி போய்விடுகிறது. சட்டமும் இதில் கடுமையாக இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

இனி கண்ணாடித் தளம். தோண்டிய குழியை மூடிவிடாமல், தாழிகளைக் கிடந்த கோலத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்துக் காட்டும் ஏற்பாடு 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இதைப் பார்ப்பதற்கும் நேரம் உண்டு. உச்சி வெயிலில் கண்ணாடியில் வானமும் நம் முகமும்தான் தெரியும். காலை பத்து மணிக்குள், அல்லது மாலை மூன்றரைக்கு மேல் வந்தால் நிழல் சாய்ந்து குழியின் ஆழம் தெளிவாகத் தெரியும்.

கீழே என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாவிட்டால் உடைந்த பானைகளின் குவியலாகத்தான் தோன்றும். முதலில் குழியின் பக்கச் சுவரைப் பாருங்கள். மண்ணின் நிறமும் சரளையின் பருமனும் மாறுகிற இடங்கள் மண்ணடுக்குகள். தாழிக்காக வெட்டிய குழியின் கரை, அந்த அடுக்குகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு இறங்கும். எந்த அடுக்கிலிருந்து அந்தக் கரை தொடங்குகிறதோ, அந்த அடுக்கு படிந்த பிறகுதான் தாழி வைக்கப்பட்டது. இதை ஒரு முறை கண்ணால் பிடித்துவிட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்று பிள்ளைகளே சொல்வார்கள். பிறகு தாழியைப் பாருங்கள். கூம்பு மூடி மேலே இருக்கிறதா, உள்ளே விழுந்திருக்கிறதா? சில இடங்களில் மூடிக்குப் பதிலாக இன்னொரு தாழியையே வாயோடு வாய் கவிழ்த்திருப்பார்கள். அது இரட்டைத் தாழி. சுற்றிலும் சிறு கலயங்கள், கிண்ணங்கள், அவை சாயாமல் இருக்க வைத்த பிரிமனைகள் தெரியும். இரும்பு ஆயுதங்கள் தாழிக்கு வெளியே, மண்ணில் குத்தி நிறுத்தியதுபோல முனை கீழ்நோக்கி இருந்ததை ரீ குறித்து வைத்திருக்கிறார். உள்ளே குத்துக்காலிட்ட நிலையில் முழு எலும்புக்கூடு இருந்தால் உடலையே வைத்திருக்கிறார்கள். மண்டையோடும் நீண்ட எலும்புகளும் மட்டும் சேர்ந்து கிடந்தால், வேறிடத்தில் கிடத்திப் பின்னர் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வழக்கமும் இங்கே இருந்தன. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் கணவனை இழந்தவள், தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையும்படி குயவரிடம் கேட்கிறாள். வகுப்பறையில் அந்தப் பாட்டைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் கண்ணாடிக்கு மேலே சத்தம் போடுவதில்லை.

கண்ணாடிக்கும் தொல்லை உண்டு. செருப்பு அடியில் ஒட்டிய சரளை கண்ணாடியைக் கீறும். கீறல் கூடக் கூடப் பார்வை மங்கும். செருப்பைக் கழற்றிவிட்டோ துணி உறை போட்டோ ஏறுவது நல்லது. இதைவிடப் பெரிய தொல்லை கீழேயிருந்து வருகிறது. மண்ணின் ஈரம் ஆவியாகி எழுந்து கண்ணாடியின் அடியில் துளித்துளியாகப் படியும். வெளிச்சமும் ஈரமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் பாசி பிடிக்கும். ஈரம் காயும்போது மண்ணிலுள்ள உப்பு பானைச் சுவரின் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்து, தோலைச் சிறிது சிறிதாக உரிக்கும். எந்த நாட்டிலும் கண்ணாடிக்கு அடியில் காட்டப்படும் அகழாய்வுக் குழிக்கு இந்த ஆபத்து உண்டு. காற்றுப்போக்கிக் குழாய்கள், ஈரப்பதம் அளக்கும் கருவி, நேர் வெயில் விழாத கூரை, மழைநீர் பக்கவாட்டில் கசிந்து வராதபடி சுற்றிலும் வடிகால் ஆகிய நான்கும் இடைவிடாமல் வேலை செய்ய வேண்டும். கண்ணாடி வேர்த்திருப்பதைக் கண்டால் அங்குள்ள காவலரிடம் உடனே சொல்லுங்கள்.

பரம்புக்கு வருமுன் அருங்காட்சியகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவது பயன் தரும். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூருக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை. ரீ எடுத்த வெண்கலப் பொருள்களில் பறவையும் விலங்கும் நிற்கிற மூடிகள், சல்லடைக் கிண்ணங்கள், சிறிய பெண் உருவம் ஆகியவற்றைக் கவனியுங்கள். மெல்லிய தகட்டில் செய்த, நெற்றியில் கட்டும் பொன் பட்டங்களும் அவர் கண்டெடுத்தவையே. 2022-இலும் ஒரு சிறு பொன் பட்டம் பரம்பில் கிடைத்தது. தென்மாவட்டத்தார்க்குத் திருநெல்வேலி ரெட்டியார்பட்டியிலுள்ள பொருநை அருங்காட்சியகம் பக்கம். அதில் ஆதிச்சநல்லூரோடு சிவகளை, கொற்கை, துலுக்கர்பட்டிப் பொருள்களும் இருப்பதால், பரம்பைத் தனி இடமாக நினைக்காமல் ஆற்றங்கரை முழுவதன் ஒரு பகுதியாகப் பார்க்க முடியும்.

காலக் கணக்கைப் பற்றி நாளிதழ்களுக்கே ஒரு வேண்டுகோள். 2004-இல் எடுத்த மாதிரிகளில் இரண்டை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்ததில் கி.மு. 905, கி.மு. 696 என்ற காலம் வந்ததாக 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தெரிவிக்கப்பட்டது. சிவகளைத் தாழி ஒன்றிலிருந்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். இவை அந்தந்த மாதிரியின் வயது. ஊர் முழுமைக்கும், மேட்டின் எல்லாத் தாழிகளுக்கும் அந்த வயதைப் பூசக்கூடாது. கரியைச் சோதித்தால் அந்த மரம் வாழ்ந்த காலம் கிடைக்கும். அது வைரம் பாய்ந்த கிழட்டு மரமாக இருந்தால் தாழியைவிட நூறு ஆண்டு மூத்ததாகக்கூட இருக்கலாம். உமி ஒரே பருவத்தில் விளைந்ததாகையால் அந்தக் குழப்பம் குறைவு. என்ன மாதிரி, எந்த ஊர், எந்தத் தாழி என்ற மூன்றையும் செய்தியில் போட்டுவிட்டால் போதும். உலகிலேயே முதல் என்ற தலைப்பு இல்லாமலே ஆதிச்சநல்லூர் பெரிய இடம்தான்.

சுற்று வட்டார விவசாயிகளுக்கும் வீடு கட்டுவோருக்கும் ஒன்று. வானம் தோண்டும்போதோ குழி எடுக்கும்போதோ தாழி தட்டுப்பட்டால், மண்வெட்டியை அங்கேயே நிறுத்துங்கள். வெளியே தூக்க முயலாதீர்கள். மூவாயிரம் ஆண்டாக அதைத் தாங்கியிருப்பது சுற்றியுள்ள மண்தான், மண்ணை விலக்கித் தூக்கியதும் தாழி சில்லுச் சில்லாகப் பிரியும். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உள்ளே கைவிட்டுத் துழாவாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலோ பேனாவோ வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். எடுத்த அதே மண்ணை லேசாகப் போட்டு மூடி, மேலே ஓலையோ தார்ப்பாயோ விரியுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ அன்றே தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும். நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் சிலர் இரவோடு இரவாக உடைத்து மூடுகிறார்கள். தட்டுப்பட்டதை அறிவித்த உடனேயே நிலம் கைமாறிவிடாது. பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிப்பது தனி நடவடிக்கை, அதற்கு முன்னறிவிப்பும் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதமும் சட்டத்திலேயே உண்டு. அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுக் கட்ட வேண்டும்.

அரசுக்கு நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்காத சில: நடக்கும் பாதைக்கு இருபுறமும் முளையடித்துத் தேங்காய்நார்க் கயிறு, மழைக்குப் பின் புதிதாகத் தெரியும் தாழி விளிம்புகளைக் கணக்கெடுத்து மண்ணிட்டு மூட ஒரு சிறு குழு, பேருந்து நிற்க மேட்டுக்கு வெளியே ஓர் இடம், அங்கே கழிப்பறை. கழிப்பறை இல்லாவிட்டால் புதர் மறைவு தேடிப் பிள்ளைகள் போவது பரம்பின்மேல்தான்.

விடுமுறைக்கு முந்தைய வாரத்தில், மேட்டில் நடக்கும் முறையையும் தாழி தட்டுப்பட்டால் செய்ய வேண்டியதையும் மட்டுமாவது தங்கள் நாளிதழ் ஒரு கட்டச் செய்தியாக வெளியிட்டால், அதை வெட்டி ஒட்டப் பள்ளி அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஆதிச்சநல்லூருக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.