குப்பைக் கணக்குக் கேக்கிற ஐ.நா ஆக்களுக்கு வன்னியில இருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஐ.நா புள்ளிவிபரப் பிரிவில இருக்கிற ஐயாமார் அம்மாமார், ஐ.நா சுற்றாடல் அமைப்புக்காரர், நகரங்களையும் குடியிருப்பையும் பாக்கிற ஐ.நா ஹபிடாற்காரர் எல்லாருக்கும் சேத்துத்தான் இதை எழுதுறன். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நாடுகளுக்கு நீங்கள் அனுப்பிற சுற்றாடல் புள்ளிவிபரப் படிவத்தில கழிவு எண்டொரு பகுதி வருது, எவ்வளவு குப்பை சேர்ந்தது, எவ்வளவு மீள்சுழற்சிக்குப் போச்சு, எவ்வளவு கூட்டெருவாச்சு, எவ்வளவு எரிச்சது, எவ்வளவு தாட்டது எண்டு. கொழும்பில ஒராள் அதை நிரப்பி உங்களுக்கு அனுப்புவார். ஆனா அவரிட்ட அந்த இலக்கங்கள் கீழ இருந்துதான் ஏறிப் போகுது, ஒரு பிரதேச சபை ஒப்பீசில, குப்பை ரக்ரர் எத்தினை தரம் போச்சு எண்டு எழுதுற லோட் புத்தகத்தை விரிச்சு வைச்சு கல்குலேற்றரில பெருக்கிற ஒராளிட்ட இருந்து. வன்னியில அப்பிடிப் பெருக்கின ஆக்களில நானும் ஒராள், அந்த உரிமையிலதான் கதைக்கிறன்.

எப்பிடிப் பெருக்கிறது எண்டா, ரக்ரர் பெட்டி ஒண்டு நிரம்பினா இவ்வளவு கிலோ எண்டு ஆரோ எப்பவோ சொன்ன ஒரு கணக்கு ஒப்பீசில கிடக்கும், ஒரு நாளைக்கு எத்தினை லோட் போச்சோ அதால பெருக்கி மாசத்துக்குக் கூட்டினா முடிஞ்சுது. பெட்டி முட்ட வந்ததோ அரைவாசியோ, மேல பொலித்தீன் பாக் குவிஞ்சு கிடக்க உள்ளுக்குக் காத்தோ, அதெல்லாம் புத்தகத்தில வராது. கார்த்திகை மார்கழி மழைக்கு சந்தை மரக்கறிக் கழிவும் வாழைத்தண்டும் ஊறி ரக்ரர் முக்கி முக்கி இழுக்கும், சித்திரை வெயிலில அதே பெட்டி சருகும் கடதாசியுமாக் காத்தில பறக்கும், ரெண்டுக்கும் ஒரே கிலோதான். இதே ஊரில நெல்லு விக்கப் போய்ப் பாருங்கோ. மூட்டைக்க மெசினைக் குத்தி ஈரம் பாப்பினம், 14 வீதத்துக்கு மேல எண்டா முழு விலை கிடையாது, விவசாயி என்ன சத்தம் போட்டாலும் மெசின் சொன்னதுதான். நெல்லுக்கு இவ்வளவு கவனம், குப்பைக்கு ஈரமும் இல்லை தராசும் இல்லை, ஆனா ரெண்டு இலக்கமும் ஒரே மாதிரி தசம தானத்தோட எக்செலில போய் இருக்கும்.

இது சின்னப் பிரச்சினை, ஒரு தராசு வாங்கினாத் தீர்ந்திடும் எண்டு நீங்கள் சொல்லலாம். தராசு வந்தாலும் எந்த இடத்தில நிறுக்கிறது எண்ட கேள்வி தீராது. சபை ஒண்டு சந்தைக் கழிவைக் கூட்டெரு செய்யிற இடத்துக்குக் கொண்டுபோகுது எண்டு வையுங்கோ. கேற்றுக்குள்ள போன பாரத்தை எழுதலாம். பொலித்தீன், செருப்பு, போத்தல், பம்பர்ஸ் எல்லாம் பொறுக்கி எறிஞ்சாப் பிறகு குவியலாக்கின பாரத்தை எழுதலாம். உக்கி முடிஞ்சு அரிச்சுப் பையில போட்டு வித்த பாரத்தையும் எழுதலாம். உக்கேக்க தண்ணியும் வாயுவுமாப் பாதியளவு பாரம் போயிடும், அதால முதலாவதுக்கும் கடைசிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மூண்டும் பொய் இல்லை. ஒரு சபை முதலாவதை எழுதி பக்கத்துச் சபை கடைசியை எழுதினா, மேல இருக்கிறவை ரெண்டையும் கூட்டி ஒரு இலக்கமாக்கி உங்களிட்ட அனுப்பினா, அந்தக் கூட்டுத்தொகைதான் ஒண்டையும் சொல்லாது.

வறிய நாட்டுச் சீத்துவம் இது எண்டு மட்டும் நினைச்சுப்போடாதேங்கோ. ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல சட்டம் போட்டது, 2020 ஆகேக்க வீட்டுக் கழிவில வாற கடதாசி, உலோகம், பிளாஸ்ரிக், கண்ணாடியில குறைஞ்சது 50 வீதம் மீள்சுழற்சிக்குப் போகோணும் எண்டு. பேந்து 2011 இல அதை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது எண்டு எழுதேக்க நாலு முறையைக் குடுத்து, விரும்பினதை எடுங்கோ எண்டு விட்டுட்டினம். ஒரு முறையில அந்த நாலு பொருளும் மட்டும், இன்னொரு முறையில முழு நகரக் கழிவும். ஒரே மாதிரிக் குப்பை வைச்சிருக்கிற ரெண்டு நாடு ரெண்டு வீதம் சொல்லலாம், ரெண்டும் சட்டப்படி சரி. 2018 இல சட்டத்தைத் திருத்தி 2019 இல போட்ட தீர்மானத்தோடதான் ஒரு வழிக்கு வந்தினம்: சேத்த பாரம் செல்லாது, தரம்பிரிச்சுக் கழிச்சாப் பிறகு உண்மையா மீள்சுழற்சி வேலைக்குள்ள போற பாரம்தான் கணக்கு. கலந்து வந்த குப்பையில செய்த கூட்டெருவை 2027 தையில இருந்து மீள்சுழற்சி எண்டு எழுதவும் ஏலாது. அளவு கடுமையானா கன நாடுகளின்ர வீதம் பேப்பரில கீழ இறங்கும், குப்பை வண்டி ஒண்டும் பாதை மாறாமலே.

எரிக்கிற ஆலைக் கதையும் அதுதான். புது ஆலை எண்டா எவ்வளவு சக்தியை எடுக்குது எண்டு ஒரு சூத்திரத்தில போட்டுப் பாத்து 0.65 வந்தா ஐரோப்பாவில அதுக்குக் குப்பையில இருந்து பிரயோசனம் எடுக்கிற 'மீட்பு' எண்டு பேர், வராட்டி சும்மா இல்லாமல் ஆக்கிற 'அகற்றல்'. புகைக்கூடு ஒண்டுதான். யப்பானில பெரும்பகுதிக் குப்பையை எரிக்கிறதால அவையின்ர மீள்சுழற்சி வீதம் 20 அளவிலதான் நிக்குது, அதை வைச்சு யப்பான்காரர் குப்பையில மோசம் எண்டு ஆரும் சொல்லுவினமோ?

எங்கட வளவுக் கதைக்கு வாறன், எனக்குக் கோபம் வாற இடம் இதுதான். வன்னியில காணி பெரிசு. கனபேரின்ர வீட்டில உக்கிற குப்பை சபை ரக்ரரைக் காணுறதேயில்லை, தென்னைக்கும் வாழைக்கும் பக்கத்தில கிடங்கு வெட்டித் தாக்கிறது, மிச்சத்தை மாடும் கோழியும் பாத்துக்கொள்ளும். ஐரோப்பாவில வீட்டு வளவில உக்க வைக்கிறதையும் மீள்சுழற்சியில சேக்கலாம், எத்தினை வீடு செய்யுது எண்டு எப்பிடிச் சர்வே எடுக்கிறது எண்டதுகூட அந்த 2019 தீர்மானத்தில எழுதிக் கிடக்கு. நான் நிரப்பின படிவங்களில அதுக்கு ஒரு பெட்டி இருக்கேல்ல. அங்க உருளைக்கிழங்குத் தோல் உக்கினா அது நாட்டின்ர சாதனை, இஞ்ச மரவள்ளித் தோல் உக்கினா அது சேகரிப்பு இல்லாத பிரதேசம். அதே வளவில பின்னேரம் பொலித்தீனையும் யோக்கட் கப்பையும் கூட்டிக் குவிச்சு நெருப்பு வைக்கிறதும் ஒரு கணக்கிலயும் இல்லை, அதையும் சொல்லத்தானே வேணும், அந்தப் புகையைத்தான் பிள்ளையள் சுவாசிக்குதுகள்.

ஹபிடாற்காரருக்கு ஒரு நன்றியும் சொல்லோணும். 2021 இல நீங்கள் வெளியிட்ட அந்த நகரக் கழிவு அளக்கிற முறை நல்ல முறை. வருமானம் பாத்துப் பிரிச்சு 90 வீட்டில 8 நாள் குப்பை எடுத்து, முதல் நாள் குப்பையை விட்டுட்டு மிச்சத்தை நிறுக்கச் சொல்லுறியள், பழைய குப்பை கலந்திடும் எண்டு யோசிச்சிருக்கிறியள், அது வேலை தெரிஞ்ச ஆக்கள் எழுதினது. குப்பை போய்ச் சேர்ற இடத்தையும் வேலி இருக்கோ, ஆள் நிக்குதோ, நெருப்புப் பிடிக்குதோ, நிறுத்து எழுதினமோ எண்டு பாத்துப் படிப்படியாத் தரம் போடுறியள். ஆனா அதை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையிலயோ மடு மாதா திருவிழாக் காலத்திலயோ செய்தா என்ன வரும்? வீட்டுக் குப்பை பெரிசா மாறாது, சபைக்கு வாற குப்பை மட்டும் குவியும், அந்தச் சனம் முழுக்க வெளியூர்ச் சனம், ஆனா தலைக்கு எவ்வளவு எண்டு பிரிக்கேக்க உள்ளூர்ச் சனத்தொகையாலதான் பிரிப்பினம். அந்தச் சனத்தொகையும் என்ன மாதிரி? 2012 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு அடுத்தது 2024 இலதான் நடந்தது, இடையில மீள்குடியேறி வந்ததும் வெளிநாடு போனதும் எவ்வளவு சனம்.

இதெல்லாம் ஏன் முக்கியம் எண்டா இலக்கம் இலக்கத்தோட நிக்கிறேல்ல. காலநிலைக் கணக்கில குப்பை மேட்டில இருந்து பூமியைச் சூடாக்கிற மீதேன் வாயு எவ்வளவு வரும் எண்டு பாக்க ஐ.நாவின்ர காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசி ஒரு பெருக்கு எண் வைச்சிருக்கு: பராமரிப்பு இல்லாத மேடு 5 மீற்றரை விட ஆழம் எண்டா 0.8, அதைவிடக் குறைவெண்டா 0.4, என்ன மாதிரி மேடு எண்டே தெரியாட்டி 0.6. மேடு எவ்வளவு ஆழம் எண்டு ஒராள் ஒரு தடியை வைச்சுப் பாத்தாரோ இல்லையோ எண்டதில ஒரு நாட்டின்ர கணக்கு ரெண்டு மடங்கால மாறுது! உலகக் கணக்கையும் பாருங்கோ, உலக வங்கி 2018 அறிக்கையில 2050 இல 340 கோடித் தொன் நகரக் கழிவு எண்டுது, உங்கட சுற்றாடல் அமைப்பு 2024 அறிக்கையில அதே 2050 க்கு 380 கோடித் தொன் எண்டுது. காலமும் மாறினது, கணக்குப் பாத்த விதமும் மாறினது, அந்த 40 கோடியில எவ்வளவு நிஜக் குப்பை, எவ்வளவு முறை வித்தியாசம் எண்டு வாசிக்கிறவைக்கு எப்பிடித் தெரியும்?

நாடு விட்டு நாடு போற குப்பையில இது இன்னும் மோசம். 2017 தொடங்கி இங்கிலாந்தில இருந்து பாவிச்ச மெத்தை, காப்பற், மீள்சுழற்சிக்கு எண்டு கொழும்புக்கு வந்த கொன்ரெயினர்களைத் திறந்து பாக்க ஆஸ்பத்திரிக் கழிவும் கிடந்தது. 263 கொன்ரெயினர், கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியிலதான் திரும்பிப் போச்சுது. ஏத்தின துறைமுகத்தில அதுக்கு ஒரு பேர், இறக்கின துறைமுகத்தில இன்னொரு பேர். ரெண்டு நாட்டுப் புத்தகத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கிற ஒருத்தர் இருந்திருந்தா அவ்வளவு வருசம் துறைமுகத்தில நாறியிருக்காது.

நான் கேக்கிறது பெரிய திட்டம் இல்லை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில ரெண்டு சின்னப் பெட்டி வையுங்கோ. ஒண்டில இது நிறுத்ததோ, லோட்டால பெருக்கினதோ, சும்மா மதிச்சதோ. மற்றதில எந்த இடத்து அளவு, கேற்றிலயோ, தரம்பிரிச்சாப் பிறகோ, வித்த பிறகோ. குறிப்பு எழுத இடம் குடுத்துத்தானே இருக்கிறம் எண்டு சொல்லுவியள், தெரியும், ஆனா அட்டவணை வெளியில வரேக்க அந்தக் குறிப்பு அடியில சின்ன எழுத்தில போயிடும், படம் கீறுறவை அதைப் பாக்கிறேல்ல. இலக்கத்தோட ஒட்டிக்கொண்டு வரோணும், அந்த இலக்கத்தைக் கொப்பி பண்ணினா அதுவும் கூடவே வரோணும். மற்றது, பூச்சியம் எண்டுறதுக்கும் தெரியாது எண்டுறதுக்கும் வெவ்வேற அடையாளம் கட்டாயம் வேணும். வெறும் பெட்டியைக் கண்டா மேல இருக்கிறவை பேசுவினம் எண்டு கீழ இருக்கிறவை பூச்சியம் போடுவினம், அது உங்களிட்ட வரேக்க இந்தப் பிரதேசத்தில குப்பை எரிக்கிறதே இல்லை எண்டு வரும்.

தராசுக்கு நிதி வரும் வரைக்கும் நாங்கள் பாத்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. லொறியோட நிறுக்கிற தராசு பெரிய அரிசி ஆலைகளில இருக்கு, அறுவடை முடிஞ்சா அது சும்மாதான் கிடக்கும், மாரிக்கு ஒரு கிழமை கோடைக்கு ஒரு கிழமை ரக்ரரை அதில ஏத்தி இறக்கினாலே அந்தப் பழைய பெட்டிக் கணக்கை எறிஞ்சுபோட்டு எங்கட சொந்த இலக்கத்தை வைக்கலாம். ஆலைக்காரர் நாத்தத்துக்குப் பயந்து ஓமெண்டு சொல்லுவினமோ தெரியாது, மேலிடத்துக் கடிதம் ஒண்டு கையில இருந்தா கேக்க லேசு. அந்தக் கடிதத்தை உங்கட படிவத்தோட சேத்து அனுப்பலாம்.

படிவத்தைத் தமிழிலயும் சிங்களத்திலயும் அனுப்புங்கோ, அமைச்சுக்கு மட்டும் இல்லாமல் நிரப்புற மேசை வரைக்கும் போற மாதிரி. நாங்கள் குடுத்த இலக்கம் கடைசியா எந்த அட்டவணையில என்னவா நிண்டது எண்டும் ஒரு தாளில திருப்பி அனுப்புங்கோ. அதைப் பாத்து, இது நாங்கள் எழுதினது இல்லையே எண்டு ஒரு சபைக்காரர் ஃபோன் அடிச்சா எடுக்கிறதுக்கு ஒராளையும் போட்டு வையுங்கோ.

இப்படிக்கு,
லோட் புத்தகத்தில இருந்து மாசக் கணக்குப் போட்ட ஒராள்,
வன்னி