லோகெய்னை உயிரோடு விட்ட அக்காவுக்கு

அக்கா,

டிராகன் ஏஜ் வீடியோ கேம் வரிசையின் நான்காவது ஆட்டமான வெய்ல்கார்ட் வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. வெளியான அன்றே நீ பரிசாக அனுப்பினாய், அன்றே நன்றியும் சொன்னேன். அப்புறம் "எப்படி இருக்கு?" என்று கேட்டாயே, அதற்கு மட்டும்தான் இன்னும் பதில் போடவில்லை. நேற்று ராத்திரி அதைக் கம்ப்யூட்டரிலிருந்து தூக்கிவிட்டேன். அதனால் இனிச் சொல்லலாம்.

எனக்குப் பிடிக்கவில்லை.

முழுசா ஆடாமலே திட்டுகிறான் என்று நினைக்காதே, முடித்துவிட்டேன். சண்டை நன்றாகவே இருக்கிறது. வைஸ்ஹாப்ட் கோட்டை முற்றுகையில் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். பிணவித்தைக்காரர் எம்ரிக்கும் அவருடைய எலும்புக்கூடு மான்ஃபிரெடும் உனக்கு ரொம்பப் பிடிப்பார்கள். கடைசி மிஷனில் யாரை எந்த வேலைக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து ஆட்கள் சாகிறார்கள், அதில் கை நடுங்கியது. பழைய தோழன் வாரிக் விஷயத்தில் நன்றாக ஏமாந்தேன். (இன்னும் ஆடாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் இதற்கு மேல் வேண்டாம்.)

ஆனால் ஆரம்பத்தில் அது பழைய கதையைப் பற்றிக் கேட்டது மூன்றே கேள்விதான். மூன்றாவது ஆட்டமான இன்க்விசிஷனின் நாயகர் இன்க்விசிட்டர் யாரைக் காதலித்தார், இன்க்விசிஷன் என்ற தன் படையைக் கலைத்தாரா, எதிரியாகிவிட்ட பழைய கூட்டாளி சோலஸை என்ன செய்வதாகச் சபதம் போட்டார். மூன்றும் 2014 ஆட்டத்தைப் பற்றியவை. அதற்கு முந்தையது எதுவும் இல்லை. இன்னும் ஏதாவது வருமா என்று அந்தத் திரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் ஆட்டத்தில் லோகெய்னின் தலைவிதியை நீ முடிவு செய்த அந்த லேண்ட்ஸ்மீட் சபையைப் பற்றி யாருமே கேட்கவில்லை, அக்கா.

அன்றைக்குக் கரண்ட் போய் யூபிஎஸ் கத்த ஆரம்பித்திருந்தது. லோகெய்ன் தோற்றுப்போய் நிற்கிறான். பேச்சு ஓடும்போது சேவ் பண்ண முடியாது, அணைந்துவிட்டால் அந்தச் சபை மொத்தத்தையும் திரும்ப ஆட வேண்டும். எல்லா வசனத்தையும் எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிற நீ, அன்றைக்கு அதையும் நிறுத்திவிட்டாய். கொல்ல வேண்டாம், இவனையும் நம்மைப் போல அரக்கர்களை எதிர்க்கும் கிரே வார்டன் ஆக்கிவிடலாம் என்கிறார் மூத்த வார்டன் ரியார்டன். முடியவே முடியாது என்கிறான் நம்மோடு வந்த இன்னொரு வார்டன் அலிஸ்டர். ஆஸ்டகார் போரில் ராஜாவையும் தன் குரு டன்கனையும் சாகவிட்டு ஓடினவனோடு அவன் எப்படி நிற்பான்? "வெட்டு, வெட்டு" என்று நான் பக்கத்தில் குதிக்கிறேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆள் வேணும்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு கிளிக் பண்ணினாய். அலிஸ்டர் போய்விட்டான். நீ சேவ் பண்ணி முடித்ததும் மானிட்டர் அணைந்தது.

நான் கோபித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பின்னாலேயே வந்து, "அவன் திரும்ப வருவான்டா, பாரு" என்றாய். என்னைச் சமாதானப்படுத்த நீ விட்ட கதை அது, உனக்கே தெரியும்.

ஆனால் வந்தான். 2011-ல் இரண்டாவது ஆட்டம், கிர்க்வாலில் ஹேங்டு மேன் விடுதி, ஒரு மூலையில் குடித்துவிட்டு உளறிக்கொண்டு. நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றோம். அந்த ஆட்டத்தை அவசர அவசரமாகச் செய்திருந்தார்கள், அதே குகையைச் சுவரை மாற்றி மாற்றி எத்தனை தடவை காட்டினார்கள்! இருந்தும் நான் இன்றுவரை அதைத் திட்டியதில்லை. நீ அன்றைக்கு யூபிஎஸ் கத்தும்போது செய்ததை அது ஞாபகம் வைத்திருந்தது.

முதல் ஆட்டத்தின் கடைசியில் சூனியக்காரி மோரிகனின் சடங்குக்கும் நீ லோகெய்னைத்தான் அனுப்பினாய். (அந்த நேரத்தில் என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னது ஏன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.) இன்க்விசிஷனில் அந்தச் சடங்கால் பிறந்த பையன் கீரன் வளர்ந்து ஸ்கைஹோல்ட் கோட்டையில் ஓடியாடுகிறான். வெய்ல்கார்டிலும் மோரிகன் வருகிறாள், நிறையப் பேசுகிறாள். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் வார்டன் காப்பாற்றிய தெற்கு அழிந்துகொண்டிருக்கும் செய்தி வெறும் கடிதங்களில் வந்து போகிறது.

"பழசையே பிடிச்சுட்டுத் தொங்காதடா, புதுசா வர்றவங்களும் ஆடணும்ல" என்றாய். ஆட்டத்தைச் செய்த பயோவேர்காரர்களுக்கும் ஏறக்குறைய அதே நியாயம்தான். கதை வடக்கே டெவின்டருக்குப் போய்விட்டது, தெற்கில் நடந்தது அங்கே எதற்கு என்று. 2017-ல் முதல் திட்டத்தைக் கைவிட்டார்கள், அப்புறம் பல பேர் சேர்ந்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டமாக்கப் பார்த்தார்கள், அதையும் விட்டுத் திரும்பவும் ஒருவர் ஆடுவதாக மாற்றினார்கள். இத்தனை தடவை இடித்துக் கட்டினால் பழைய கணக்கை யார் பார்ப்பார்கள் என்பது எனக்கும் புரிகிறது. அப்படி வரவழைக்கப் பார்த்த புதியவர்களும் வரவில்லையே. 15 லட்சம் பேர்தான் ஆடினார்கள், எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட 50 சதவீதம் குறைவு என்று அதை வெளியிட்ட இஏ நிறுவனமே 2025 ஜனவரியில் சொன்னது.

ஆனால் பழசை விடு என்று நீ சொல்வது வேறு. உனக்கு அது சுலபம். அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை, சித்தி இதைப் படிக்கிறார், மாமாவுக்கும் யாராவது அனுப்பிவைப்பார்கள். நீ செய்தது சரி என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் நீ போன பிறகு இங்கே இருந்தவன் நான். எப்படி இருக்கிறாய் என்று நீ கேட்டதை விட, கேம் எப்படி இருக்கிறது என்று கேட்டதுதான் அதிகம்.

சரி, இதற்குப் பதில் போடாமல் ஒரு வருஷம் இழுத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். நீ ஆசையாக வாங்கித் தந்ததை நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்வது என்று விட்டேன். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவும் வரவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஒன்று தெரியுமா, இன்க்விசிஷன் பழைய சேவை எடுத்துக்கொள்ளாது என்றதும், பழைய முடிவுகளைப் பதிகிற டிராகன் ஏஜ் கீப் இணையதளத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குறித்தேன். நான் தனியாக ஆடியதை அல்ல, நீ எடுத்த முடிவுகளை. அதனால்தான் லோகெய்ன் வந்தான், வயசாகி, அதே முறைப்போடு. ஃபேட் என்ற ஆவி உலகில் யாராவது ஒருவரை விட்டுவிட்டு வர வேண்டும் என்றபோது அவனை விட்டேன். யோசிக்கக்கூட இல்லை. அலிஸ்டருக்காக.

நீ அங்கே தனியாக ஆடினாய், யாரை விட்டாய் என்று சொல்லவே இல்லை. இரண்டாவது ஆட்டத்து நாயகர் ஹாக்கையா, லோகெய்னையா? குடும்ப குரூப்பில் போடாதே, எனக்கு மட்டும் அனுப்பு.